ஹேங்கரில் தொங்கிய மாணவன்

வெள்ளை ஜம்ப் சூட்டை மாட்டிக்கொண்டால் ஆண்டவனுக்கே என்னை அடையாளம் தெரியாது என்று நான் நம்பினேன். மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில், தூசு புகக்கூடாத சிப் தொழிற்சாலைக்குள் போகிறவர்கள் தலை முதல் கால்வரை மூடிக்கொள்ளும் உடை அது. வெளியே தெரிவது கண் மட்டும். இருபது வருடம் அதற்குள்ளேயே குடியிருந்தவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் டிப்ளோமா படிக்கக் கிளம்பிய மூளை அது.

படிக்கிற விஷயம் என் மனைவி செல்விக்கு மட்டும்தான் தெரியும். பதினேழு வயதில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில், கணக்கில் நான் கோட்டைவிட்ட செய்தி எஸ்டேட் முழுக்கப் பரவி, தைப்பூசத்தில் முன்பின் தெரியாத ஒருவர்கூட என்னை நிறுத்தி ஆறுதல் சொன்னார். மறுபடியும் தோற்று, கெண்டீன் முழுக்க ஆறுதல் வாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் சனி ஞாயிறு வகுப்பு, மற்ற நாளில் கழிவறையில் பாடம். (எனக்கு மூலம் என்று ஒரு வதந்தி உலவியது. மறுக்கவில்லை. படிப்பைவிட அது கௌரவமாக இருந்தது.)

கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு, போனில் முகம் காட்டிப் பேசவேண்டும். சனிக்கிழமை என்றிருந்ததை, அலோர் ஸ்டாரில் இருந்த ஆசிரியை செவ்வாய் காலை பத்தரைக்கு மாற்றிவிட்டார். தவறினால் அரை வருடம் மறுபடி படிக்கவேண்டும்.

"ஒரு நாள் லீவு போடுங்கலா," என்றாள் செல்வி.

"காரணம் கேப்பாங்களே."

"பரீட்சைன்னு சொல்லுங்க."

"அதுக்கு மூலம்னே சொல்லிக்கலாம்."

பத்தரை மணி எங்களுக்கு டீ நேரம், பதினைந்து நிமிடம். தேர்வும் பதினைந்து நிமிடம். எல்லோரும் கெண்டீனுக்குப் போனதும் உடை மாற்றும் அறையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். (எந்தப் பாடத்தில் நான் தோற்றவன் என்பதைக் கவனிக்கவும்.) உடையைக் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் ஆகும் என்பதால் முகமூடியை மட்டும் இறக்கிவிட்டு, பெட்டகத்திலிருந்து போனை எடுத்துத் தேர்வைத் தொடங்கினேன்.

முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்வி வருவதற்குள் வாசலில் காலடிச் சத்தம்.

தூசு படக்கூடாத உடையோடு போனில் பேசுகிறான் என்று கையும் களவுமாகப் பிடிபட்டால் என்ன ஆகும்? என் கண்ணில் பட்டது, சுவரோரம் ஹேங்கரில் வரிசையாகத் தொங்கிய ஜம்ப் சூட்டுகள். போனைச் சட்டைக்குள் செருகி, முகமூடியை ஏற்றி, இரண்டு சூட்டுகளுக்கு நடுவே போய் நின்று, தலையையும் கைகளையும் தொங்கவிட்டேன். நானும் ஒரு ஜம்ப் சூட் ஆனேன். தொங்குகிற சூட்டுக்குக் கால் தரையில் ஊன்றாது, தொப்பையும் இருக்காது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

உள்ளே வந்தவர் கோமதி, எங்கள் ஷிப்ட் மேனேஜர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

என் நெஞ்சுக்குள்ளிருந்து ஆசிரியையின் மலாய் கேட்டது. "என்சிக் மணியம், இயந்திரத்தில் கோளாறு என்று தெரிந்தால் ஒரு சூப்பர்வைசர் முதலில் என்ன செய்யவேண்டும்?"

நான் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தொங்கினேன்.

"சொல்லுங்கண்ணே," என்றார் கோமதி. "முதல்ல என்ன செய்யணும்?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். "மறைக்காம மேலதிகாரிகிட்ட சொல்லணும்."

"அதை லெக்சரர்கிட்ட மலாய்ல சொல்லுங்க. வெளிய வந்து சொல்லுங்க. கழுத்து பிடிச்சுக்கப் போகுது."

நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தேர்வு முடிகிறவரை ஒருவரையும் உள்ளே விடவில்லை. சி பிளஸ் வாங்கித் தேறினேன்.

தீபாவளி விருந்துக்கு வீட்டுக்கு வந்த கோமதி, நான் தொங்கிய அழகைச் செல்வியிடம் நடித்தே காட்டிவிட்டார். அன்றிலிருந்து செல்வி கொடியில் காயும் என் சட்டையை எடுக்கும் முன் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள். பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

"நான் படிக்கிறது எப்படித் தெரிஞ்சுது?" என்று விருந்தன்று கோமதியிடம் கேட்டேன். நான் வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே, இவர் உங்களிடம்தான் வேலை செய்கிறாரா என்று கல்லூரி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பியது அவர்தான். அதன்பிறகு இரண்டு வருடம், சனி ஞாயிறு ஷிப்டில் என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.