அசரியா கைக்கு மட்டும்

"பிடி தனியா வந்துடுச்சுங்க" என்று மனைவி ஹில்டா வந்து நின்றபோது, அசரியா அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவள் ஒரு கையில் கத்தி அலகு. இன்னொரு கையில் இரண்டாகப் பிளந்த மரப்பிடி.

"எப்படி வந்துச்சு?"

"முருங்கக்கா வெட்டினேன். வந்துடுச்சு."

"முருங்கக்கா வெட்டினா முருங்கக்காதான் ரெண்டாகணும். பிடி ஏன் ரெண்டாகுது?"

"அத முருங்கக்காகிட்ட கேளுங்க."

அசரியா எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பட்டறையில் பிரஸ் மிஷின் முன்னால் நின்றே தேய்ந்த கால்கள். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த அன்று அவர் கர்த்தரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால், காபி நேரம் வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது. பெரிய வேண்டுதலா இது? இருந்தும் கிடைக்கிற வழியாக இல்லை.

பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகில் ஒரு குறையும் இல்லை. இரும்பு அறுக்கிற ரம்பத்தின் தேய்ந்துபோன பிளேடை அவரே கல்லில் உரசி உரசிப் பண்ணிய கத்தி. கடைக் கத்தியை அவர் வீட்டுக்குள் விட்டதே கிடையாது. கடையில் விற்பது கத்தி இல்லை, தகரம் என்பது அவர் கட்சி.

"இது தானா உடைஞ்சது இல்ல ஹில்டா. யாரோ வேல பண்ணியிருக்காங்க. கடைசியா யாருக்கு இரவல் குடுத்த?"

"எதிர் வீட்டு ஷபீனாவுக்கு. பிரியாணிக்கு வெங்காயம் வெட்ட."

"அதுக்கு முன்னால?"

"சர்ச்சு தபீதாள் அக்காவுக்கு. பலாப்பழம் அறுக்க."

"பலாப்பழமா! அப்ப கொல விழுந்தது அங்கதான். நீ ஒரு ஏமாளி. ஊரே உன்ன ஏமாத்துது."

"ஆமாங்க" என்றாள் ஹில்டா.

அன்றைக்கே அசரியா முடிவு கட்டினார். இனி இந்தக் கத்தி வாசற்படியைத் தாண்டக் கூடாது. பூட்டி வைத்தால் சாவியைக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லலாமென்றால் ஹில்டாவுக்குப் பொய் சொல்ல வராது. அப்போதுதான் தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் பாதிதான் உண்டு. மீதியைப் பிரஸ் மிஷின் எப்போதோ வாங்கிக்கொண்டது. கட்டைவிரலும் அதே மிஷின் புண்ணியத்தில் கோணல்.

"இந்தக் கைக்குன்னு அளவெடுத்து ஒரு பிடி போடறேன். மொட்ட விரலுக்கு ஒரு மேடு, கோண விரலுக்கு ஒரு பள்ளம். வேற எவன் புடிச்சாலும் நிக்கக் கூடாது. அப்புறம் எவன் இரவல் கேக்கறான்னு பாக்கறேன்."

"நல்ல யோசனைங்க. அளவெடுக்க சப்பாத்தி மாவு பெசஞ்சு தரட்டுமா?"

மாவை அழுத்திப் பிடித்து அச்செடுத்து, மாடியில் காய வைத்தார். காக்கா தூக்கிக்கொண்டு போனது. ஹில்டா முகம் சுளிக்காமல் மறுபடியும் பிசைந்து கொடுத்தாள். இந்த முறை அசரியா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்.

மரத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்டு மரக்கடைக்குப் போனார். கடைக்காரன் ஒரு துண்டை நீட்டி, பர்மா தேக்கு என்றான். அசரியா நகத்தால் கீறிப் பார்த்தார், மோந்து பார்த்தார், அவன் முகத்தையும் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் கழிவில் கிடந்த பூவரசங்கட்டையைத் தானே பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அறுத்தார். அரத்தால் ராவினார். ஓட்டை போட்டு, பித்தளை ரிவிட் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காமலே காபி வந்தது அந்த வாரம்தான்.

பிடி தயாரான மறுநாளே ஷபீனா வந்தாள்.

"அண்ணா, கத்தி கொஞ்சம் வேணும்."

"எடுத்துக்கம்மா, தாராளமா" என்றார் அசரியா. அவர் வாயில் தாராளம் என்ற சொல் வந்ததில் ஷபீனாவே கொஞ்சம் பயந்துதான் போனாள். கத்தியை இப்படிப் பிடித்தாள், அப்படிப் பிடித்தாள்.

"இன்னாண்ணா இது, நாம கத்தியப் புடிச்சா அது நம்மளத் திருப்பிப் புடிக்குது!"

வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று மத்தியானம் அசரியா குறட்டைவிட்டுத் தூங்கினார். அதுதான் கடைசித் தூக்கம்.

சாயங்காலம் ஹில்டா பீன்ஸ் தட்டோடு வந்தாள்.

"என்னங்க, எனக்கும் நிக்க மாட்டேங்குது. நீங்களே நறுக்கிக் குடுத்துடுங்க."

"பழகிக்க."

"பழகறதுக்குள்ள விரல் போயிடும். ஏற்கெனவே இந்த வீட்டுல ஒரு விரல் கம்மி."

பீன்ஸ் நறுக்கினார். மறுநாள் காலையில் அவரைக்காய், ராத்திரிக்குக் கோஸ். மூன்றாவது வேளையிலேயே சலித்துப்போய் அரத்தை எடுத்து, மேட்டைக் கொஞ்சம் ராவிவிட்டார். ராவின அதிர்வில் ரிவிட் தளர்ந்து, பிடி கடகடவென்று ஆடியது. மறுபடியும் பசை போட்டு ஒட்டினார். காய்கிறவரை இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி வேண்டும். அசரியா கவ்வியை நம்புகிற ஆள் இல்லை. தன் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிதுங்கி வந்த பசை அப்படியே இறுகிப்போனது. அதில் கை வடிவம் மட்டுமில்லை, ரேகைகூடப் பதிந்துவிட்டது.

"இப்ப சுத்தமா உங்க கையாவே ஆயிடுச்சு" என்றாள் ஹில்டா.

"கடையில புதுசா ஒண்ணு வாங்கித் தொலை."

"கடையில விக்கிறது தகரம்னு நீங்கதான சொன்னீங்க? உங்க பேச்ச மீறி நான் எதை வாங்கியிருக்கேன்?"

தன் பேச்சை இவ்வளவு கவனமாக ஒருத்தி கேட்டிருக்கிறாளே என்று அசரியாவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமையோடு கத்தரிக்காய் நறுக்கினார்.

அடுத்து ஷபீனா ஒரு பேசின் நிறைய வெங்காயத்தோடு வந்தாள்.

"அண்ணா, அவங்க அக்கா வூட்டுலருந்து ஆளுங்க வராங்க. கத்திதான் வெளிய வராது, வெங்காயம் உள்ள வரலாம்ல?"

படுக்கப் போனவர் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அண்ணா அழுவறாரு. கஷ்டமா இருந்தா வுட்டுருங்கண்ணா."

"வெங்காயம்மா. வெங்காயம்தான்."

"அப்ப சரி. பூண்டும் கொண்டாறேன்."

அந்த வாரம் முழுக்க மத்தியானத்தில் மணி அடித்தது. வருகிறவர்கள் கையில் ஏதாவது ஒரு காய் இருந்தது. அசரியா சந்தேகப்படுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பிறகு தபீதாள் வந்தாள். சபையில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி.

"பிரதர், அறுப்பின் பண்டிகைக்கு சபை சாப்பாடு. பூசணிக்கா வந்து எறங்கியிருக்கு. உங்க கத்திய வேற யாராலயும் புடிக்க முடியாதாமே?"

"முடியாதுதான். அதனால..."

"அதனாலதான். கர்த்தர் உங்கள இதுக்குன்னே தெரிஞ்செடுத்திருக்கார்."

கர்த்தரிடம் தூக்கம் கேட்டவருக்குப் பூசணிக்காய் கிடைத்தது. சர்ச்சுக்குப் பின்னால், பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று வெட்டினார். மற்ற ஆண்பிள்ளைகள் பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பீர்க்கன்கரணை ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட எழுந்து வரவில்லை. "அவர் கத்தி, அவர் கைக்குத்தான் நிக்கும்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

பெண்கள் மட்டும் சுற்றி நின்று பார்த்தார்கள். கத்தியை அல்ல. அவரை.

அந்தக் கூட்டத்தில் பிளஸ்ஸியும் இருந்தாள். இவர்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண். புருஷன் ஜோஸ்வினுக்குக் காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை.

"அங்கிள், வீட்லயும் தினமும் நீங்கதான் நறுக்கறீங்களா?"

"வேற என்ன பண்றது? இந்தப் பிடி என் தலையில வந்து உக்காந்துடுச்சு."

"எங்க வீட்ல அவர் குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வைக்க மாட்டார் அங்கிள்."

"அதிர்ஷ்டசாலி" என்றார் அசரியா, அடுத்த பூசணியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

வீடு திரும்பும்போது தோள்பட்டை அவருடையதாகவே இல்லை. வந்ததும் வராததுமாகக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் சுத்தியலை வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இந்தப் பிடிய உடைக்கப் போறேன். விளக்குமாத்துக் கட்டை மாதிரி வழவழன்னு உருண்டையா ஒண்ணு போடறேன். சின்னப் பிள்ள புடிச்சாலும் நிக்கணும். அப்புறம் யாருக்கு வேணா குடு, எங்க வேணா போவட்டும். எனக்கு என் மத்தியானம் திரும்ப வந்தா போதும்."

ஹில்டா சுத்தியலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இப்பவேவா? கண்ணு ரெண்டும் சொருகுது உங்களுக்கு. கொஞ்சம் படுங்க, எழுந்து பண்ணிக்கலாம். யாரும் எழுப்ப மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

இந்த உலகத்தில் இப்படி ஒரு வார்த்தை சொல்ல இவள் ஒருத்திதான் இருக்கிறாள் என்று நினைத்தபடியே அசரியா படுத்தார். ஃபேன் சுற்றியது. ரயில் ஒன்று தாம்பரம் பக்கம் போனது. கண் அசந்துவருகிற நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஹில்டா ஓடிப்போய்க் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"மெதுவா பேசும்மா. அவர் தூங்கறார்."

அசரியா கண்ணைத் திறக்கவில்லை. என்ன காய் என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம் எனக் காதைத் தீட்டினார்.

வந்தது பிளஸ்ஸி. குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திக் கேட்டாள்:

"ஆன்ட்டி, ஜோஸ்வின் தூங்கும்போது அவர் கைய பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டேன், ஆனா எங்க வீட்டுக் கத்திப் பிடி எவ்வளவு தட்டியும் உடைய மாட்டேங்குது, நீங்க அங்கிளோடத எதால உடைச்சீங்க?"