கைசரின் செம்மண் தரை

குறைவாகக் கதைக்கிறவனைக் கெட்டிக்காரன் என்று சனம் நினைக்கிறது. பிழை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறவன் அவன், அவ்வளவுதான். நான் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "இந்த வாளிக்குள்ளை என்ன?"

கேட்கவில்லை.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு பெரிய பேக்கரியில் வேலை செய்கிறேன். மா குழைக்கிற பகுதி. மெஷின் குழைக்கும், நான் பொத்தானை அமத்துவேன். இத்தனை வருடமாக மாத்தூசி குடித்ததில் மூக்கு அடைத்துப்போயிற்று. ஒரு மணமும் தெரியாது. மனைவி கறியை அடிப்பிடிக்க விட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதனால் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். (மூக்கு செய்த புண்ணியம்.)

மகள் ஆரணிக்குப் பதினாலு வயது. அவளுடைய சிநேகிதி வீட்டில் பார்ட்டகாமெ குஞ்சு பொரித்திருந்தது. ஓணானின் பணக்காரச் சொந்தக்காரன் என்று வையுங்கள். கழுத்தில் தாடி, உடம்பெல்லாம் முள்ளு, முகத்தில் வரி வசூலிக்கிற கந்தோர்க்காரனின் பார்வை. அதில் ஒரு குட்டி தனக்கு வேண்டும் என்றாள். வருவதற்கு முன்பே கைசர் என்று பெயரும் வைத்துவிட்டாள். சக்கரவர்த்தி என்று அர்த்தமாம்.

மனைவி ஒரு கிழமை முழுக்க யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இரண்டு பேரும் கேளுங்கோ. என்ரை வீட்டுக்குள்ளை ஒரு பூச்சி ஓடக் கூடாது. ஒரு பிடி மண் கொட்டக் கூடாது. ஒரு நாத்தம் வரக் கூடாது. இதிலை ஒண்டு நடந்தாலும் ஓணான் அண்டைக்கே வெளியிலை."

"ஓம்" என்றேன்.

ஆரணி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். (என் தலையில்.)

கூடு செய்வது என் பொறுப்பு. சனங்கள் பழைய சாமான்களைத் தெருவோரம் வைக்கிற நாளில் ஒரு உயரம் குறைந்த ஷோகேஸ் கிடைத்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரி அதில் பீங்கான் பூனை அடுக்கியிருப்பாள். வழுக்கிற கண்ணாடிக் கதவு இருந்தது. உள்தட்டைக் கழற்றினேன். காற்றுக்கு ஓட்டை போட்டேன். சூட்டு லைட் பூட்டினேன், வெயிலுக்குப் பதிலாக இன்னொரு லைட் பூட்டினேன். ஒரு மரக்கொப்பு, ஒரு தட்டைக் கல். எனக்கே அதற்குள் போய்ப் படுக்க ஆசை வந்தது.

ஆரணி போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு பக்கம் நாப்பது பாகை சூடு இருக்கோணும் அப்பா. மற்றப் பக்கம் குளிர்."

"ஓம்."

"குட்டி மண்ணைத் தின்னும். திண்டா வயித்துக்குள்ளை இறுகிச் செத்துப்போகும். அதாலை தரைக்கு நான் வாங்கின செம்மண்ணை நனைச்சு, அமத்தி, லைட்டிலை காயவிட்டு, சிமெந்து மாதிரி இறுக்கோணும். விளங்கிச்சோ?"

"ஓம்."

"மண் கெல்லரிலை இருக்கு. வெள்ளை வாளி."

"ஓம்."

எங்கள் கெல்லரில், அதாவது கட்டிடத்தின் நிலவறையில், எல்லாமே வெள்ளை வாளிக்குள்தான். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஆணி. பேக்கரியில் ஜாம் முடிந்ததும் வாளியை எறிவார்கள். எனக்கு மனம் வராது, கழுவிக் கொண்டுவந்துவிடுவேன். எல்லாம் ஒரே அளவு. ஒரே மூடி.

மனைவியின் தமையன் டுசல்டோர்ஃபில் இருக்கிறார். அந்த மாதம்தான் ஊருக்குப் போய்வந்திருந்தார். மில்லில் பக்கத்தில் நின்று திரிப்பித்த குரக்கன் மாவை (கேழ்வரகு என்றும் சொல்வார்கள்) மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு பறந்து வந்து தங்கையிடம் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். புட்டு வேண்டுமாம். மனைவி மாவை வறுத்து, அரித்து, ஆறவிட்டு, பத்திரமாக எடுத்து வைத்தாள்.

எதற்குள் வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு வந்தது. மனைவி தமையனைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போனாள். மகள் கைசரைக் கொண்டுவரப் போனாள். சிநேகிதி வீட்டார் விடுமுறைக்குப் போகிறார்கள், அன்றே எடுக்க வேண்டுமாம். தரை மட்டும்தான் மிச்சம். நான் கெல்லருக்கு இறங்கினேன். அங்கே லைட் தன்பாட்டில் அணைகிற லைட். நான் வாளிகளுக்கு முன்னால் போய் நிற்க அது அணைந்தது. கையில் பட்ட வாளியைத் தூக்கி மூடிக்குள் விரலை விட்டேன். தூள். போதும்.

மேலே வந்து கொட்டினேன். நல்ல சிவப்பு. ஒரு கல் இல்லை. பிள்ளை தேடித்தான் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். பச்சைத் தண்ணீர் காயச் சுணங்கும் என்று சுடுதண்ணீர் கொதிக்க வைத்தேன். (என் மூளை வேலை செய்த ஒரே இடம் அது. அதுவும் பிழையாக.) தெளித்துத் தெளித்துக் குழைத்தேன். பிடித்தால் கட்டியாகியது, விட்டால் உதிர்ந்தது. இதைவிட நல்ல மண் ஜெர்மனியில் இல்லை என்று முடிவெடுத்தேன். பரப்பி, அமத்தி, கதவை இழுத்துச் சாத்தி, சூட்டு லைட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வியர்த்தது.

ஒரு நாளாவது புட்டு அவித்த மனிதன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் சாப்பிடுகிற ஆள் மட்டும்.

ஆரணி சப்பாத்துப் பெட்டியோடு ஓடிவந்தாள். கண்ணாடிக்குள் பார்க்காமலே கதவைத் திறந்து கைசரைக் கல்லில் இறக்கினாள். அவர் தலையைச் சரித்துத் தரையைப் பார்த்தார். இறங்கினார். ஒருதரம் நக்கினார். பிறகு வாயை முழுதாகத் திறந்து ஒரு கடி.

"அப்பா! மண்ணைத் தின்னுது! நீங்கள் இறுக்கேல்லையோ?"

"இறுக்கினன்."

"செத்துப்போகும் அப்பா!"

தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். குட்டியின் வாயெல்லாம் சிவப்பு. நான் தரையை இன்னும் கொஞ்சம் அமத்தினேன்.

அப்போது கதவு திறந்து மனைவியும் தமையனும் வந்தார்கள். மச்சான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நடையிலேயே நின்று மூக்கை உயர்த்தினார்.

"ஆகா! அவிச்சுப்போட்டோ தங்கச்சி வந்தனி? குரக்கன் வாசம் கீழ்ப்படியிலேயே வந்திட்டுது."

"நான் இன்னும் வாளியே திறக்கேல்லை அண்ணை."

"அப்ப ஆர் அவிச்சது?"

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். எனக்கு மணம் தெரியாதுதானே, நானும் பார்த்தேன்.

மச்சான் மூக்கு போன வழியே போய் ஷோகேசுக்கு முன்னால் நின்றார். மனைவி குனிந்தாள். ஆவி அவளுடைய மூக்குக்கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டு ஒரு கிள்ளு எடுத்து உருட்டி மணந்தாள்.

"இஞ்சேருங்கோ. இது என்ன?"

"மண்."

"எந்த வாளி?"

"வெள்ளை."

கெல்லருக்குப் போனாள். இன்னொரு வாளியோடு வந்து என் காலடியில் வைத்துத் திறந்தாள். கையை விட்டுப் பார்த்தேன். நறநற என்றது.

"இதுதான் மண்" என்றேன்.

"கண்டுபிடிச்சிட்டார்" என்றாள்.

"இருபது வருசமா பேக்கரியிலை நிக்கிறீர் மச்சான்," என்றார் தமையன். "உமக்கு மா தெரியாதோ?"

"அங்கை வெள்ளை."

ஆரணிக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. மிருக வைத்தியரின் அவசர நம்பருக்கு எடுத்து ஜெர்மனில் கடகடவென்று கதைத்தாள்.

"கொஞ்சம்தானே, மா எண்டாப் பயப்பிட வேண்டாமாம். சூடா வைச்சுப் பாக்கட்டாம். அந்த டொக்டர் அதின்ரை ரெசிப்பி கேட்டவ."

இனித் தீர்ப்புத்தான் மிச்சம். மகள் கைசரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, பூச்சி ஓடேல்லை."

மனைவி மண் வாளியை மூடினாள்.

"மண்ணும் கொட்டுப்படேல்லை. மாதான்."

கைசர் நாக்கை நீட்டித் தன் கடைவாயைத் துடைத்தார்.

"நாத்தமும் இல்லைத் தங்கச்சி," என்றார் மச்சான், ஷோகேசை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நல்ல பதம்."

மனைவி தமையனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஓணான் நிக்கட்டும். இவர் வெளியிலை."

பல்கனியில் ஷோகேசோடு நின்றேன். குரக்கன் மா அதற்குள் காய்ந்துவிட்டது. கரண்டிக்கும் அசையவில்லை, உளிக்கும் அசையவில்லை. மகள் கேட்ட சிமெந்து இறுக்கம் அப்போதுதான் வந்திருந்தது. உள்ளே அவர்கள் கறியோடு பாண் சாப்பிட்டார்கள். எங்கள் பேக்கரிப் பாண். மச்சான் சிரிக்கிற சத்தம் கண்ணாடியையும் தாண்டி வந்தது. அந்த மனிதர் எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

குட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது என் முழங்கை நீளம். கைசர் என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. அவர் பெயர் புட்டு. மச்சான் சாப்பிட வந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடமுதல் கேட்பார், "ஓணான் திண்டு பாத்திட்டுதோ?" கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வைத்தியரிடம் நான்தான் கொண்டுபோவேன். முதல் நாள் அவள் எழுதிக் கொடுத்த ஓணானின் பெயரை அங்கே யாரோ என் பெயராகப் பதிந்துவிட்டார்கள். நாயும் பூனையும் நிறைந்த அறையில் வாசலில் நின்று, திருவாளர் போட்டுப் பெரிதாகக் கூப்பிடுவார்கள்.

"ஹெர் புட்டு, பிட்டே!"

நான் எழும்பிப் போவேன். அது என் பெயர் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அப்ப யாருடைய பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கேட்பார்கள்.

பிறகு இவ்வளவையும் கதைக்க வேண்டும்.