உள்பக்கத் தாழ்ப்பாள்

வீடு கட்டுகிற எல்லோரும் சாமிக்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள். அந்தச் சாமியைக் கும்பிடுகிறவள் எங்கே உட்காருவாள் என்று ஒரு பிறவியும் கேட்காது. இந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் உண்டு. "அட, இன்னுமா அதையே பேசிட்டிருக்கற?" என்பார் எங்கள் வீட்டுக்காரர். பேசுவேன். பேசத்தான் செய்வேன்.

கல்யாணமாகி தாராபுரத்திலிருந்து கோவை கணபதிக்கு வந்த நாள் முதல் வாடகை வீடுதான். அங்கே சாமிக்கு வாய்த்தது சமையலறை அலமாரியின் மேல்தட்டு. கீழ்த்தட்டில் மிக்ஸி. நான் சட்னி அரைத்தால் மேலே முருகன் ஆடுவார். தாளித்தால் லட்சுமி முகத்தில் கடுகு தெறிக்கும். எங்கள் வீட்டுச் சாமிகளுக்கு சாம்பிராணி வாசனையைவிடப் பெருங்காய வாசனைதான் அதிகம் பழக்கம். சரி, சாமி பொறுத்துக்கொண்டது. நான் கண்ணை மூடி ஒரு வார்த்தை வேண்ட ஆரம்பித்தால் போதும், முதுகுக்குப் பின்னால் குரல் வரும்.

"சுமதி, என்ற சாக்ஸ் எங்க?"

(ஒருமுறை அப்படித் தேடிய சாக்ஸ் அவர் காலிலேயே இருந்தது. இட்டுக்கட்டவில்லை, சத்தியம்!) இப்படியே பதினாறு வருடம் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் கும்பிட்டேன். பாதிக் கும்பிடுக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்று சாமி நினைத்திருந்தால் அதிலும் தப்பில்லை.

அதனால், சொந்த வீடு கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மாடுலர் கிச்சன் கேட்கவில்லை. பால்கனியில் ஊஞ்சல் கேட்கவில்லை. ஒரு பூஜை அறை. உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கக் கூடாது. அதற்கு ஒரு மரக் கதவு. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தினமும் பத்து நிமிஷம் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பேன். அந்தப் பத்து நிமிஷம் நான் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை, அம்மா இல்லை.

"அதுக்கென்ன, செஞ்சுபோடலாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். பம்புக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவர். அவர் வாயிலிருந்து 'செஞ்சுபோடலாம்' என்று வந்த அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் பாயசம் வேறு வைத்துத் தொலைத்தேன்.

வரைபடத்தில் பூஜை அறை ஆறுக்கு ஆறு என்று இருந்தது. முதலில் ஒரு வாஸ்துக்காரர் வந்தார். சாமி ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, மாடிப்படிக்குப் பக்கத்தில் தள்ளினார். மாடிப்படி இரண்டு அடியைத் தின்றது. சத்தியமங்கலத்திலிருந்து வந்த நாத்தனார், வாஷிங் மெஷினுக்கு இடம் பத்தவில்லை என்று கண்டுபிடித்தார். அவர் துவைக்கப் போவதில்லை, இருந்தாலும் கண்டுபிடித்தார். அதற்கு இன்னும் இரண்டு அடி. கடைசியில் செருப்பு ஸ்டாண்டுக்கு இடம் வேண்டும் என்று வந்தபோது அதையும் சாமியிடமிருந்துதான் எடுத்தார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் கை வைத்தார்களா? மூச்! ஆறுக்கு ஆறு, நாலுக்கு மூன்றாகக் குறைந்தது. நான் வாய் திறந்தால், "சாமி என்ன, கால் நீட்டியா படுக்கப் போகுது?" என்றார்கள்.

சரி, போகட்டும். கதவாவது மிஞ்சும் என்று இருந்தேன். அதற்கு வந்தார் என் மாமியார்.

"பூசை ரூமுக்கு எதுக்கு கண்ணு கதவு? ஒரு தெரைய மாட்டி உட்டாப் போச்சு. ஒறம்பரை சனம் வந்தா ஹால்ல இருந்தே கும்பிட்டுக்குவாங்க."

"இல்லீங்க அத்தை, கதவு வேணுமுங்க. தாழ்ப்பாளோட."

"தாழ்ப்பாளா? சாமி ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு உனக்கென்ன சோலி?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ஒரு சோலியும் இல்லாமல் இருப்பதுதான் சோலி என்றால் அவருக்குப் புரியுமா? எங்கள் ஊரில் பெரியவர்களை எதிர்த்துப் பேசும்போதுகூட நாலு 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும். நாலு 'ங்க' போட்டு முடிப்பதற்குள் கோபம் இறங்கி, வழக்கே தோற்றுவிடும். அந்தக் காலத்துச் சுமதி அப்படித் தோற்பதில் கைதேர்ந்தவள்.

அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு திட்டத்தோடு வந்தார். ஏதோ ஒரு நகைக்கடையில் கதவு தானாகத் திறப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"துணி விக்கற கடைக்கும் நகை விக்கற கடைக்கும் தானா கதவு தொறக்குது. சாமிக்குத் தொறக்க வேண்டாமா? நான் மோட்டார் போடறேன், செயின் போடறேன், சென்சார் போடறேன். முன்னால நின்னு கை கூப்பினா கதவு தானா தொறக்கோணும். ஆளு நகர்ந்துட்டா தானா மூடோணும்."

"உள்ள உட்கார்ந்திருக்கறவங்க எப்பிடீங்க தொறக்கறது?"

"உள்ள எதுக்கு சென்சார்? சாமியா எந்திரிச்சு வெளிய வரப்போகுது?"

பார்த்தீர்களா? நான் உள்ளே இருப்பேன் என்கிற விஷயமே அந்த மனிதரின் மண்டையில் ஏறவில்லை. இத்தனைக்கும் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அத்தை, "என்ற பையன் மூளையே மூளை" என்று சொல்லி முடித்துவிட்டார். கம்பியும் கண்ணாடியுமாக ஒரு கதவு வந்து மாட்டிக்கொண்டது. பட்டறையில் இருந்த ஆட்கள் எல்லாம் வந்து ஆளுக்கொரு முறை கை கூப்பித் திறந்து பார்த்தார்கள். அவ்வளவு பக்தியை அந்தப் பட்டறையில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

புதுமனைப் புகுவிழா நாள் வந்தது. விடியலில் பால் காய்ச்சியாயிற்று, ஹோமமும் முடிந்தது. வீடு முழுக்கப் புகை, மாடியில் பந்தி. நான் பட்டுப்புடவையில், நாத்தனார் இழுத்துக் கட்டிய சவுரி முடியில், அதன்மேல் முழம் முழமாக மல்லிகையில், நடக்கவே திணறிக்கொண்டிருந்தேன். புரோகிதர், "விளக்கை உள்ளே வெச்சுட்டு வந்துருங்கம்மா" என்றார்.

விளக்கோடு உள்ளே போனேன். என் அம்மா எனக்குக் கொடுத்த பித்தளைப் பிள்ளையார் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவரை நேராக வைக்கலாம் என்று ஓரடி ஓரமாக நகர்ந்தேன். அவ்வளவுதான். எனக்கு வழிவிட்டு எல்லோரும் விலகி நின்றிருந்தார்கள்; எதிரே ஆள் இல்லை என்று சென்சார் முடிவு செய்தது. கதவு மூடிக்கொண்டது. மூடும்போது வாசலில் தொங்கிய மாலையையும் இழுத்துக்கொண்டு போனது. மாலையின் வாழைநார் பல்சக்கரத்தில் சுற்றி, மோட்டார் ஒருமுறை முனகி நின்றுவிட்டது.

வெளியே ஒருவர் கை கூப்பினார். திறக்கவில்லை. பிறகு வரிசையாக எல்லோரும் கூப்பினார்கள். கண்ணாடியில் நாத்தனார் ஆசைப்பட்டு ஒட்டிய பூப்போட்ட காகிதம் வழியாக எனக்கு நிழல்கள் மட்டும் தெரிந்தன. என் முன்னால் இருபது பேர் கும்பிட்டு நிற்கிறார்கள், நான் பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்போதாவது, "உள்ள பயமா இருக்குதா? மூச்சு முட்டுதா?" என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். (மேலே சின்ன ஜன்னல் இருந்தது, மூச்சுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் கேட்க வேண்டாமா?) முதல் குரல் அத்தையுடையது.

"அம்மணி, காப்பிப்பொடி எந்த டப்பாவுல போட்டு வெச்ச?"

"மேல்தட்டுல, செவப்பு மூடிங்க அத்தை."

"அண்ணி, தாம்பூலப் பைக்குத் தேங்கா எங்க?" இது நாத்தனார்.

"மாடிப்படிக்குக் கீழே, சாக்குல."

"ஏனுங்க அக்கா, தயிர் எங்கீங்க?" சமையல்காரர். அவரும்!

கடைசியாக எங்கள் வீட்டுக்காரர் கதவருகே வாயை வைத்து, ரொம்ப ரகசியமாகக் கேட்டார்.

"சுமதி, அந்தப் பத்து-பதினொண்ணு ஸ்பேனரை எங்க வெச்ச?"

என் கையில் விளக்கு இருந்ததால் அவர் தப்பித்தார். அவர் செய்த கதவு, அவருடைய ஸ்பேனர், அது எங்கே என்று அடைபட்டுக் கிடக்கிற நான் சொல்ல வேண்டும்! அதைவிடக் கொடுமை, எனக்கு அது தெரிந்திருந்தது. ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன்.

ஏன் சொல்ல வேண்டும்?

விளக்கைக் கீழே வைத்துவிட்டு, தலையை இழுத்துக்கொண்டிருந்த சவுரியைப் பிடுங்கி ஒரு மூலையில் போட்டேன். கிடைத்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையாரைப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் மூடினேன். பதினாறு வருடத்தில் முதல்முறையாக இரண்டு கண்ணையும் சேர்த்து மூடிக் கும்பிட்டேன். அழுகை வந்தது. காரணம் தெரியாமல் வந்த அழுகை இல்லை, நன்றாகத் தெரிந்தே வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். வெளியே "சுமதி... சுமதி..." என்றார்கள். நான் ஊர்ப்பட்ட நிம்மதியில் இருந்தேன், பதில் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் கால் மரத்துப்போனது. விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பொந்தில் எழுந்தால் என்ன ஆகும்? மேலே தொங்கிய மணியில் தலை 'ணங்' என்று மோதியது.

மணிச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது.

"டேய் ராசு, பதிலே காணோம், மணி மட்டும் அடிக்குதுடா..." அத்தை தன் மகனைக் கூப்பிட்டார். "சாமி வந்திருச்சுடா!"

யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். பட்டறை ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பினார்கள். கதவு பெயர்ந்தது. அவர்கள் கண்ட காட்சியை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தலைவிரி கோலம். துடைத்த வேகத்தில் நெற்றிக் குங்குமம் கன்னம் வரை இழுபட்டிருந்தது. புகையிலும் அழுகையிலும் கண் இரண்டும் சிவப்பு. கையில் விளக்கு வேறு.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் எனக்கு 'ங்க' போடாத அத்தை கேட்டார்.

"ஆத்தா! என்ன கொறை வெச்சோமுங்க ஆத்தா? என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க!"

எட்டு மாதமாக என் தொண்டையில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"தாழ்ப்பாள்! உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்! எத்தனை தடவை கேக்கறது?"

"ஆத்தா தாழ்ப்பாள் கேக்கறாடா!" என்று அலறினார் அத்தை.

அப்புறம் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். மாடியில் ரசம் சாதத்தில் கை வைத்திருந்த தச்சாசாரியைக் கை கழுவக்கூட விடாமல் இறக்கினார்கள். மோட்டார், செயின், சென்சார் எல்லாம் பட்டறைக்கே திரும்பிப் போயின. ஸ்டோர் ரூமுக்கு மாட்டியிருந்த நல்ல தேக்குக் கதவைக் கழற்றி, அளவுக்கு அறுத்து மாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் உள்பக்கம் பித்தளையில் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள். மனுஷி எட்டு மாதம் கேட்டது காதில் விழவில்லை. சாமி ஒரே வார்த்தை சொன்னதும் வேலை முடிந்தது!

(அவசரத்தில் ஒன்றே ஒன்றைக் கேட்டுத் தொலைத்தேன். அந்தச் செருப்பு ஸ்டாண்டு இடத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். வாய்ப்புக் கிடைக்கும்போது புத்தி வேலை செய்வதில்லை.)

"அத்தை, எனக்குச் சாமியும் வரலீங்க, ஒண்ணும் வரலீங்க" என்று மறுநாளே சொல்லிவிட்டேன். அவர் என் தலையைத் தடவி, "வந்தவங்களுக்குத் தெரியாது கண்ணு" என்றார். அதோடு என் வாதம் முடிந்தது.

இன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை மஞ்சள் குங்குமம் வைக்கிறார். நாத்தனார் தன் மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று அதில் மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டுப் போனார். வரனும் அமைந்து தொலைந்தது. அதிலிருந்து சத்தியமங்கலத்து உறவினர்கள் கோவை வந்தால் தாழ்ப்பாளைப் பார்க்காமல் போவதில்லை.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் உள்ளே போய் அதைப் போட்டுவிட்டால் ஒரு ஈ காக்கா கதவைத் தட்டாது. எங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான் விதிவிலக்கு. அவரும் தட்ட மாட்டார். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, வெளியே கை கட்டி நின்று, ராகம் போட்டுக் கேட்பார்.

"ஏனுங்க ஆத்தா, அந்தப் பத்து-பதினொண்ணு ஸ்பேனரை எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

நான் கண்ணைத் திறப்பதில்லை. கையை மட்டும் உயர்த்தி மணியை ஒருமுறை ஆட்டுவேன். 'நீயே தேடிக்கோ' என்று அதற்கு அர்த்தம். அந்த அருள்வாக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.