பானட் மேல் ஒரு டம்ளர் டீ

தென்காசி வட்டாரத்தில் ஓடுகிற, ஓடாத எல்லாக் கார்களின் கோளாறையும் பானட்டைத் திறக்காமலே சொல்லக்கூடிய ஒரே ஆள் டீ அண்ணாச்சிதான். சொல்வது சரியாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

செங்கோட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வண்டி வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, மூடிய பானட் மேல் ஒரு டம்ளர் டீயை வைப்பார். டீ ஆடுகிற ஆட்டத்தைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார்.

"தொறந்து பாத்தா எவனும் சொல்லிருவான் சார். மூடி இருக்கயில சொல்லணும்லா? டாக்டரு என்ன, வயித்தக் கிழிச்சுப் பாத்தா மருந்து எழுதுதாரு?"

போன சாரல் சீசனில் நான் அவரிடம் போய் மாட்டினேன். மனைவி வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல் நான் வாங்கிய பழைய கார், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களை நானே காரில் குற்றாலம் கூட்டிப் போவதாக ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்.

"சம்பந்தம் பேச வந்தவுகள வண்டி தள்ள விட்டியன்னா, மறுநாளே இந்த டப்பாவ வித்துருவேன், ஆமா" என்றாள் மனைவி.

நானும் சும்மா இருக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அரை மெக்கானிக் ஆகியிருந்தேன். "அண்ணாச்சி, எனக்கென்னமோ சென்சார்..." என்று ஆரம்பித்தேன்.

"சாருக்கு எந்த ஆபீஸு?"

"தாலுகா ஆபீஸ்."

"பட்டா எப்படி எழுதணும்னு நான் அங்கன வந்து சொல்லுதனா?"

செல்போனைப் பையில் போட்டேன். பெட்ரோலில் தண்ணீர் என்றார். டேங்க் முழுவதையும் இறக்கினோம். அப்போதும் வண்டி நின்றது. சைலன்ஸர் அடைப்பு என்றார். கழற்றிக் குச்சியால் குத்தினோம். சத்தம் மட்டும் கூடியது. சனிக்கிழமையும் வந்துவிட்டது. பானட்டை மட்டும் திறக்கவில்லை.

அன்றும் கடைப் பையனை ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு டீயை வைத்தார். எஞ்சின் குலுங்கிய குலுங்கலில் டம்ளர் சரிந்து, டீ முழுவதும் அவர் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

"இருங்க அண்ணாச்சி, துண்டு இருக்கு" என்று பதறிப் பானட்டைத் தூக்கினேன்.

துண்டு அங்கேதான் இருந்தது. சாரல் பிடித்தால் எங்கள் ஊரில் எந்தத் துணியும் காயாது. தினமும் அருவியில் குளித்து வந்ததும் சூடான எஞ்சின் மேல் துண்டை விரித்துப் பானட்டை மூடிவிடுவேன். அப்பளம் போலக் காய்ந்துவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். காலையில் விரித்ததை எடுக்க மறந்துபோயிருந்தேன்.

அவசரத்தில் துண்டை வெடுக்கென்று இழுத்தேன். அதன் நூல் குஞ்சத்தில் மாட்டிக்கொண்டு சின்ன ரப்பர் குழாய் ஒன்றும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது. எஞ்சின் பட்டென்று நின்றது.

அண்ணாச்சி குழாயைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெனமும் இப்படித்தான் உருவுவியளோ?"

"ஆமா."

"நல்லா இருக்கு சார். குழா தளர்ந்து கண்ட காத்தெல்லாம் உள்ள போயிருக்கு. பெறகு வண்டி நிக்காம என்ன செய்யும்?"

நுனியை வெட்டி, குழாயை அழுத்திச் சொருகி, மறுபடி எஞ்சினை ஓடவிட்டு, வேறொரு டம்ளர் டீயை வைத்தார். டீ ஆடவே இல்லை.

மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். மெயின் அருவிக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனோம். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் மத்தியில் மனைவி கேட்டுவிட்டாள்: "அண்ணாச்சி, அப்படி என்னதான் கோளாறு?"

துண்டு விஷயம் வெளியே வந்தால் மாப்பிள்ளையின் பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

"பெட்ரோல்ல தண்ணிம்மா. நான் மொதல்லயே சொன்னேம்லா? சாருதான் நம்பல."

"இவுக எப்பவும் இப்படித்தான்" என்றாள் மனைவி. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு என் வண்டிக்கு அவர் எத்தனையோ தடவை தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வேறு யாரும் அதில் கை வைக்க நான் விட்டதில்லை.