மின்மினிக் காய்ச்சலும் மன்னர் சிலையும்

மாணவர்களைக் கண்ணின் மணியாகக் காத்த அரசு ஒன்று விண்ணுலகத்தில் உண்டென்றால், அது செங்கதிர் நாட்டு அரசுதான். கண்ணை மட்டும் அது எப்போதும் மூடியே வைத்திருந்தது.

செங்கதிர் நாடு ஒரு நிலாவின் முதுகுப் பக்கம் இருந்தது. பெயரில்தான் கதிர், சூரியன் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. எல்லாம் விளக்கு வெளிச்சம்தான். அந்நாட்டுக் கல்லூரி விடுதியில் மின்மினிக் காய்ச்சல் வந்தது. இருட்டில் பிள்ளைகளின் உடம்பு தானாக ஒளிரும்; ஒளிர ஒளிர ஆள் கரைந்துபோகும். சிலர் இறந்தும் விட்டார்கள். வெளிச்சத்தில் கிடத்தினால் உடம்பின் ஒளி அடங்கும், நோயும் மெல்ல இறங்கும். மருத்துவர் சொன்ன ஒரே மருந்து அதுதான்.

அரசு விரைந்து செயல்பட்டது. பிள்ளைகளே ஒளிர்வதால் விடுதிக்கு விளக்கு வீண் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆணையில் தெருவிளக்குகளும் போயின. மாணவர்கள் இனி தெருமுனைகளில் நின்று படிக்க வேண்டும். படிப்பும் ஆயிற்று, தெருவுக்கு வெளிச்சமும் ஆயிற்று.

இரண்டாம் ஆண்டு மாணவி வெயினி, ஒளித்துறை அமைச்சர் வானவரையரிடம் போய் நின்றாள். அவளுடைய அறைத்தோழி அல்லி எழுந்து நிற்கவே முடியாத நிலைக்கு வந்திருந்தாள்.

“ஐயா, லைட்டைப் போட்டா பொழைச்சுக்குவோம். வேற ஒண்ணும் கேக்கல.”

“மகளே, விளக்கைப் போட்டால் நீங்கள் ஒளிர மாட்டீர்கள். நீங்கள் ஒளிராவிட்டால் நாடு வெளிச்சத்துக்கு எங்கே போகும்? சிந்திக்க வேண்டாமா?”

வெயினி சிந்தித்தாள். நாட்டில் அணையாத விளக்குகள் ஓரிடத்தில்தான் இருந்தன: மன்னர் சிலையைச் சுற்றி. அந்தப் பக்கம் தலை நிமிர்த்தினாலே கண் கூசும். அல்லியை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

“ஏண்டி, என்னைய எங்க கொண்டுபோற?”

“மன்னர்கிட்ட. வாயை மூடிட்டு வா, கனக்குற.”

“ஆளே பாதிதான் இருக்கேன். கனக்குறேனாம்!”

காவலர் மறித்தார். “இங்க என்ன வேலை?”

“மன்னரைப் பாக்காம தூக்கம் வரல, அண்ணே.”

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வேலை போய்விடும் என்பதால் காவலர் வழிவிட்டார். பின்னாலேயே விடுதி முழுவதும் வந்து சிலையடியில் படுத்துக்கொண்டது. சில நாளில் அல்லி தானாக எழுந்து உட்கார்ந்து, “பசிக்குதுடி” என்றாள். வெயினிக்கு அழுகை வந்துவிட்டது.

“மன்னரின் திருமுகமே மருந்து!” என்று அமைச்சர் ஊரெங்கும் முழங்கினார். கேள்விப்பட்ட மன்னர் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர்தான். விளக்கின் கூச்சம் தாங்காமல் பிள்ளைகள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து உருகிவிட்டார்.

“பாவம், தூங்கட்டும். விளக்கை அணையுங்கள்.”

“ஐயோ, வேணாம்...” என்று வெயினி எழுவதற்குள் அணைத்துவிட்டார்கள். அல்லி அவள் கையை இறுகப் பிடித்தாள். அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக ஒளிர்ந்தார்கள். அந்த மெல்லிய வெளிச்சம் சிலையின் மேல் ஏறி, முகம்வரை தெளிவாகக் காட்டியது. மன்னர் அண்ணாந்து பார்த்தார். அமைச்சரும் பார்த்தார்.

“போடு! லைட்டைப் போடுய்யா!” என்று அமைச்சர் மேடைத்தமிழை மறந்து அலறினார்.

அன்றே ஆணை பிறந்தது. அந்த விளக்குகளை இனி எக்காலத்திலும் அணைக்கக் கூடாது. நோய் தீரும்வரை பிள்ளைகள் அங்கேயே இருக்கலாம். யாரும் அண்ணாந்து மட்டும் பார்க்கக் கூடாது. அல்லி பிழைத்தாள்.

மன்னர் பதவியேற்றபோது பீடத்தில் பெயர்ப்பலகையை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். தலை பழைய மன்னருடையது.