குதிரை உடைத்த மூன்றாம் படி

எங்கள் தெரு நடப்பதற்கு உகந்த தெரு என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. அதற்கு முன்பும் நாங்கள் நடந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் அறிவிப்பில்லாமல் நடந்தோம். அது சேர்த்தியில்லையாம்.

"தொன்மைச் சிறப்பு மிக்க, நடைக்கு இசைவான குடியிருப்பு" என்று தெருமுனையில் பலகை வைத்தார்கள். வண்டிகளை நிறுத்தினார்கள். நன்றாக இருந்த தார் ரோட்டைப் பெயர்த்துவிட்டு, பழங்காலத்துத் தெரு மாதிரி தெரிய வேண்டுமென்று குண்டு குண்டாகப் புதுக் கற்களைப் பதித்தார்கள். செருப்புத் தைப்பவருக்கு அன்றிலிருந்து நல்ல காலம்.

முன்பெல்லாம் எட்டி நடந்தால் மருந்துக் கடை, பால் கடை, மாவு மில் எல்லாம் இருந்தன. இப்போது மருந்துக் கடை காபிக் கடை ஆகிவிட்டது. பால் கடையில் பழைய பூட்டு விற்கிறார்கள். சாவி கிடையாது, அதுதான் விசேஷமாம். மாவு மில்லில் தொன்மைப் பாதுகாப்பு அலுவலகம் வந்துவிட்டது. தலைவலி மாத்திரைக்கு பஸ் பிடித்துப் போகவேண்டும். பஸ் நிற்கிற இடம் வரை தாராளமாக நடக்கலாம்.

குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் வினையாக வந்து முடிந்தது.

எங்கள் வீட்டு வாசலுக்கு நாலு கல்படி. மூன்றாவது படியில் பாதி கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பெரியவனும் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கை நழுவிவிட்டது. மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. படிதான் போய்விட்டது.

ஒருநாள் காலையில் மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண், பின்னால் இருபது பேரோடு வாசலில் வந்து நின்றாள். தெருவைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை.

"அம்மா, இந்தப் படி எப்படிம்மா உடைஞ்சது?"

இருபது முகமும் என்னையே பார்த்தன. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபிறகு, நான் சொல்வதை ஒரே நேரத்தில் இத்தனை பேர் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்த முகங்களைப் பார்த்து வாஷிங் மெஷின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"குதிரை மிதிச்சதும்மா" என்றேன். "அந்தக் காலத்துல."

"யாரோட குதிரை?"

"ஒரு தளபதியோட குதிரை."

எல்லாரும் "ஆகா" என்றார்கள். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் இருமினார். அவர் எடைக்கல் சோதிக்கும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். ஒரு குண்டுமணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது, பேச்சிலும் அப்படித்தான்.

"பெத்த பிள்ளை உடைச்சதை வாயில்லாத ஜீவன் தலையில போட்டியே, இது நியாயமா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே கண்ணீர் வந்தது. மறுநாள் பத்து மணிக்கு மஞ்சள் குடை மறுபடி வந்தது. குதிரை அன்றைக்கு வெள்ளைக் குதிரை ஆகிவிட்டது.

மூன்றாம் மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா ஒரு பதிவுக்கும்மா" என்றார்கள். அடுத்த வாரம் படிக்குப் பக்கத்தில் "தளபதியின் குதிரை மிதித்து உடைத்த படி" என்று பித்தளைத் தகடு பதித்துவிட்டார்கள். தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டவளும் நான்தான்.

இப்படி இருக்கையில் என் வீட்டுக்காரர் குளியலறையில் சோப்பில் கால் வைத்து விழுந்தார். வலது முழங்கால். ஆபரேஷன் ஆனது. தினமும் அரைமணி நேரம் கட்டாயம் நடக்கவேண்டும், இல்லையென்றால் கால் மடங்காமலே போய்விடும் என்றார் டாக்டர். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னோம்.

"கொடுத்து வச்சவங்க! நடக்கறதுக்குன்னே செஞ்ச தெருவாச்சே!"

அந்தத் தெருவில் இறங்க எங்களுக்கு மூன்றாம் படி இல்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினார்கள். தினமும் நாலு பேருக்கு எங்கே போவது? மூன்று வாரம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஊரெல்லாம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அவரையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அரை நாள் வேலைதான் அக்கா. ஆனா தகடு அடிச்சிருக்கே. அனுமதி இல்லாம கை வச்சா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்று கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆண்டவனே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதை தெரிந்த மனுஷர். உட்காரச் சொன்னார்.

"ஐயா, அந்தப் படியை உடைச்சது குதிரை இல்லைங்க. வாஷிங் மெஷின்."

அவர் கோப்பைப் புரட்டினார். "இதுல குதிரைன்னுதான் இருக்கு. மெஷினைப் பத்தி ஒரு வரி இல்லையேம்மா."

"குதிரைன்னு சொன்னதே நான்தானுங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். கண்ணியமான சாட்சி, கையெழுத்தும் இருக்கு."

"அதே சாட்சிதான் இப்ப இல்லைன்னு சொல்றேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அம்மா, குதிரைன்னு சொன்னப்ப உங்களுக்கு அதுல ஏதாவது லாபம் இருந்துதா?"

"இல்லைங்க."

"இப்ப மெஷின்னு சொல்றதுல?"

"படியைச் சரிபண்ணிக்கலாமேன்னு..."

"பாத்தீங்களா! லாபம் இருக்கிற பேச்சை எப்படி நம்பறது? முதல்ல சொன்னதுதான் நம்பத் தகுந்தது."

நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி மாதிரியே இருந்தது.

"சரி, உங்க திருப்திக்கு மெஷின்னே வச்சுக்குவோம்" என்று அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "தொன்மைச் சின்னத்தைச் சேதப்படுத்திய நபர். பேரு, முழு விலாசம், இப்ப எங்க வேலை பாக்கறாருன்னு சொல்லுங்க. நோட்டீஸ் அனுப்பணும்."

என் பெரியவன் முகம் கண்முன்னால் வந்தது. இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருக்கிறது.

"குதிரைதானுங்க" என்றேன்.

"நிச்சயமா?"

"வெள்ளைக் குதிரை. வலது முன்னங்கால்."

"வலது முன்னங்கால்! இதை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?" என்று அவர் பரவசமாகிக் குறித்துக்கொண்டார். பொய் சொல்லப் போகவில்லை, உண்மை சொல்லத்தான் போனேன். வீடு திரும்பும்போது குதிரைக்குக் கால் முளைத்திருந்தது.

அந்தக் காலை வைத்து அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதம் ஒருமுறை நிஜக் குதிரையை அழைத்து வந்து, தளபதி எங்கள் படியில் ஏறிய வரலாற்றை நடித்துக் காட்டுவதென்று முடிவானது. ஆனால் படி உடைந்திருக்கிறதே, குதிரைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மனிதர்களுக்காக ஒரு செங்கல் வைக்க மாட்டோம் என்றவர்கள், குதிரைக்காக மூன்றே நாளில் மரச் சரிவு போட்டார்கள். வழுக்காமல் இருக்கக் கயிற்றுப் பாய் விரித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார்கள். குதிரை எதைக்கொண்டு கைப்பிடியைப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "குதிரைக்கு மட்டும்" என்று பலகையும் மாட்டினார்கள்.

விழா நாளில் குதிரை வந்தது. அது பழுப்புக் குதிரை, வெள்ளை கிடைக்கவில்லையாம். சரிவை முகர்ந்து பார்த்தது. ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டது. மொத்தத் தெருவிலும் பொய்க்கு உடன்படாத ஜீவன் அது ஒன்றுதான்.

சரிவு மட்டும் அங்கேயே கிடந்தது. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கினார். பாதியில் அதிகாரி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே மஞ்சள் குடையும் இருபது பேரும்.

"ஐயா, ஐயா! பலகையைப் படிக்கலையா? குதிரை சம்பந்தப்பட்டவங்க தவிர வேற யாரும் இதுல இறங்கக்கூடாது."

என் வீட்டுக்காரர் சரிவின் நடுவில் அப்படியே நின்றார். கீழே தெரு. மேலே ஜன்னல்.

குடைக்காரப் பெண் பரிதாபமாகக் கேட்டாள்: "காலுக்கு என்னங்கையா ஆச்சு?"

முப்பத்திரண்டு வருஷம் எடைக்கல் சோதித்த மனுஷர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"குதிரையில இருந்து விழுந்துட்டேம்மா" என்றார்.

"அடடா, அப்ப சம்பந்தப்பட்டவர்தான்" என்று அதிகாரி வழிவிட்டார்.

அரைமணி நேரம் நடந்தார். முகம் பூரித்திருந்தது. திரும்பி வந்ததும் நான் மெதுவாக இருமினேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. குதிரை என்ன நிறம்னு கேக்கலாம்னு..."

"வாயை மூடு."

அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்டேன்.

நேற்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. "மேற்படி குதிரை நிகழ்வோடு தொடர்புடையதெனப் பதிவு செய்யப்பட்டுள்ள தங்கள் வலது முழங்கால், இத்தெருவின் தொன்மைச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்க்கப்படுகிறது. அதன் தற்போதைய நிலையில் முன் அனுமதியின்றி எவ்வித மாற்றமோ, சீரமைப்போ, மேம்பாடோ செய்தல் ஆகாது."

வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். அனுமதி கேட்டு மனு எழுத உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டத்தில், "காயம் ஏற்பட்டதை நேரில் கண்ட சாட்சி" என்று இருந்தது.

பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உன் பேரையே எழுது" என்றார். "அங்க உனக்குத்தான் நல்ல பேர் இருக்கு."