பல்லவி முடிந்தால்தான் எடுப்பார்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அளவு எடுக்கும்போதுகூட யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டேன். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதிர்வீட்டுக் காலர் ட்யூனைப் பற்றி எழுதாமல் விடுவதாக இல்லை.

காலர் ட்யூன் என்பது தெரு வைத்த பெயர். தொழில் பிளம்பர். திருச்சி ஜில்லாவிலேயே தன் போனுக்குத் தானே அதிகமாகக் கூப்பிட்ட மனிதர் அவர்தான்.

"அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்று வந்து நிற்பார். தன் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சட்டைப் பையில் அவர் போன் அலறும். கண்டுகொள்ளமாட்டார்.

"பாட்டை வெச்சவன் நான். கேக்கறது மட்டும் ஊர்ல இருக்கறவங்க. இது என்னக்கா நியாயம்?"

அது ஒரு பழைய சினிமா டூயட். எந்தப் பாட்டு என்று எழுதக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சினிமா தோன்றிய நாளிலிருந்து அதை மிஞ்சிய பாட்டு வரவில்லை என்பது அவர் தீர்ப்பு.

யார் கூப்பிட்டாலும் பல்லவி முடிந்த பிறகுதான் எடுப்பார். ஒருமுறை ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ஸ்பீக்கரில் கத்தினார்: "யோவ், குழாய் உடைஞ்சு கட்டில் மேல ஏறி நிக்கிறேன்! எடுக்க இவ்வளவு நேரமா?"

"பாதியில எடுத்தா பாட்டு கெட்டுடும் சார். நல்லா இருந்துச்சுல்ல?"

பெண் பார்க்கப் போன அன்று பக்கத்து வீட்டு டிவியில் ஓடிய பாட்டாம் அது. பேச எதுவும் தோன்றாமல், "நல்ல பாட்டு" என்றாராம் இவர். "ஆமாங்க" என்றாராம் பெண். அதற்குப் பிறகு இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

மனைவி கோபித்துக்கொண்டு மணப்பாறையில் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம். ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த அம்மா இவரைக் கூப்பிடுவார். பல்லவியைக் கேட்பார். முடிந்ததும் கட் செய்துவிடுவார்.

"முன்னாடியே எடுத்துப் பேச வேண்டியதுதானே?" என்றேன்.

"பேசித்தான்க்கா சண்டையே வந்துது."

ஒரு வியாழக்கிழமை மதியம் என் போனிலிருந்து தன் நம்பரைக் கூப்பிட்டார். பாட்டு இல்லை. வெறும் ட்ரிங் ட்ரிங். முகம் வெளுத்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் போன் கடைக்கு ஓடினார். அந்தப் பாட்டு இப்போது லிஸ்டிலேயே இல்லை, வேறு ஹிட் பாட்டு நிறைய இருக்கிறது என்றாளாம் அங்கிருந்த பெண்.

"ஹிட்டை வெச்சு நான் என்னம்மா பண்றது? அவ அந்தப் பாட்டுக்குத்தான் கூப்பிடறா" என்று ஐந்து மணி வரை நகரவில்லையாம். காரியம் நடக்கவில்லை. திரும்பி வந்து என் வாசலில் நின்றார்.

"ஆறு மணிக்குப் பாட்டு இருக்கும்க்கா. விடமாட்டேன்."

ஆறு மணிக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தவர், "அலோ"கூடச் சொல்லாமல் பாடத் தொடங்கினார். தண்ணீர் ஏறாத மோட்டார் வெறுமனே ஓடுவது போன்ற குரல். மூன்றாவது வரியில் வார்த்தை மறந்து நின்றுவிட்டார். வியர்த்து வழிய என்னைப் பார்த்தார்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூட உரக்கச் சொல்லத் தெரியாதவள் நான். தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுப் பாடினேன். இருவருமாகப் பல்லவியை முடித்தோம்.

போன் கட் ஆகவில்லை. "சகிக்கலை" என்றது பெண் குரல். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றது.

மறுநாள் காலை அந்த அம்மா மணப்பாறையிலிருந்து இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். மாலை ஆறு மணிக்குக் காலர் ட்யூனுக்கு யாரும் போன் செய்யவில்லை.